கூழைக்கடாவுக்கு முதல் தண்ணீர்

ஆட்சேபணை எழுதி வாங்குகிற உத்தியோகத்தில் ஒரு சௌகரியம்: நம்மைத் தேடி வருகிற ஒருவருக்கும் நம்மைப் பார்த்துச் சந்தோஷம் இருக்காது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அதற்கப்புறம் ஏமாற்றமே கிடையாது.

என்னைப் போலவே மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எவனோ எங்கேயோ எழுதிய உத்தரவுக்காக ஊர் ஜனங்களிடம் வசவு வாங்கிக் காலம் தள்ளியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் சில சட்டங்களுக்கு, அவை சட்டமாவதற்கு முன்னால், நகலை ஊர் ஊராக வாசித்துக் காட்டுவார்கள். வேண்டும் என்பவர் யார், வேண்டாம் என்பவர் யார் என்று எழுதி வாங்க ஒரு தற்காலிகக் குமாஸ்தாவைப் போடுவார்கள். அப்படிப் பூந்தமல்லியில் போடப்பட்டவன் நான். பெயர் தேவசகாயம். சர்க்கார் கொடுத்த சொத்து ஒரு சைக்கிள், ஒரு மைக்கூடு, ஒரு கத்தைப் படிவம். படிவத்தில் இரண்டே கட்டம். ஒன்றில் ‘வேண்டும்’, இன்னொன்றில் ‘வேண்டாம்’.

சட்டம் கூழைக்கடாவைப் பற்றியது. அலகுக்குக் கீழே பை தொங்குமே, அந்தப் பெரிய பறவை. கார்த்திகையில் வந்து ஏரியோரத்து மரங்களில் கூடு கட்டும். சித்திரையில் குஞ்சுகளோடு கிளம்பிப் போகும். வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, இப்படியே விட்டால் அற்றுப்போகும் என்று பட்டணத்துப் பெரிய மனிதர்கள் சிலருக்குக் கவலை வந்துவிட்டது. நியாயமான கவலைதான். கூடு இருக்கிற மரத்தை, அது யார் நிலத்து மரமானாலும், கார்த்திகை முதல் சித்திரை வரை வெட்டக் கூடாது, ஏறக் கூடாது, காய் உலுக்கக் கூடாது, மீறினால் அபராதம். நகலில் இருந்தது இவ்வளவுதான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் என் கண் தானாக ஜன்னலுக்கு வெளியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில்கூட அப்படித்தான். அந்த வருஷம் வெளியே பார்த்தால் கூழைக்கடா. இறக்கையை அசைக்காமல், சத்தம் போடாமல், வெயிலில் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த உத்தியோகத்தை நான் பாதித் தூக்கத்தில்தான் பார்த்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதனால் விளைந்ததையும் சொல்லத்தான் போகிறேன்.

குமணன்சாவடியில் தமுக்கு

முதல் வாசிப்பு குமணன்சாவடியில். பெங்களூர் ரோடு பிரிகிற இடம் என்பதால் வண்டிகள் நிற்கும், ஆட்கள் சேருவார்கள் என்று எங்கள் சிரஸ்தார், அதாவது ஆபீசில் எனக்கு மேலே இருந்த பெரிய குமாஸ்தா, யோசனை சொல்லி அனுப்பினார். தமுக்கு அடித்ததும் ஆட்கள் சேரத்தான் சேர்ந்தார்கள். நான் ஒரு கல்லின் மேல் ஏறி நகலை வாசித்தேன். “யார் நிலத்து மரமானாலும்” என்ற இடம் வந்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

வைக்கோல் பாரத்தின் மேல் படுத்துக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரர் மட்டும் கடைசி வரை கண்ணை மூடியே கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. வாசித்து முடித்து, “ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்” என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே சொன்னார்: “கூடு கட்டறதுக்கு மின்னாடி பட்டா யாருதுன்னு விசாரிச்சிக்கினு கட்டச் சொல்லு சாமி. ஒர்த்தருக்கும் தகராறு இல்ல.”

அம்பத்தூர் மீன் குத்தகைக்காரர்

அம்பத்தூரில் ஏரிக்கரையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தேன். ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவர் ஒருவர் ஒரு கூடையோடு வந்தார். லஞ்சமோ என்று பயந்தேன், கொஞ்சம் ஆசையும் பட்டேன். கூடையில் இருந்தது கூழைக்கடா கக்கிய மீன். “பாருங்க, எல்லாம் என் மீனு” என்று மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். படிவத்தில் இன்றைக்கும் அந்த வாடை இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அவர் அரை நாள் பேசினார். நான் அரை நாள் ஏரியைப் பார்த்தேன். நடுத் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு கூழைக்கடாக்கள் அரைவட்டமாக மிதந்து, ஒன்றாகத் தலையைக் கவிழ்த்து, ஒன்றாக நிமிர்ந்தன. அந்த ஒழுங்கு எங்கள் ஆபீசில் ஒரு நாளும் பார்த்ததில்லை. “எழுதினியா?” என்று அவர் மேஜையைத் தட்டியபோது காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அவசரமாக, ‘மீன் குறைகிறது, வேண்டாம்’ என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மீனையெல்லாம் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்: “பட்சிக்கு சர்க்காரு கீது. எனக்கு நீ கீறே. மீனுக்கு யாரு சாமி கீறா?”

முகப்பேர் மிராசுதார்

அந்த நாளில் முகப்பேர் என்றால் வயலும் ஏரியும்தான். அங்கே சபாபதி என்று ஒரு மிராசுதார், அதாவது பெரிய நிலக்காரர், களத்துமேட்டு ஓரமாக ஒரு இலுப்பை மரம் வைத்திருந்தார். இரண்டு பேர் கை கோத்தாலும் அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க முடியாது. மேலே முழுக்கக் கூடு. கீழே நிற்பவர்களுக்குக் குடை வேண்டும். நான் போனபோது அவரே குடை பிடித்து என்னை வீட்டுக்குள் அழைத்துப் போய் மோர் கொடுத்தார். நல்ல மனுஷர்.

அவர் கேட்டதில் கோபம் இல்லை. “தம்பி, இது என் பாட்டன் நட்ட மரம். இதுல கூடு கட்றதுக்கு நாங்க ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப ஒரு காய்தம் வந்து, என் மரத்த நான் தொடக்கூடாதுன்றது. தொடறனா நான்? தொடல. அப்ப எதுக்கு அந்தக் காய்தம்?” எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டசபையிலே இதற்கு மூன்று நாள் வாக்குவாதம் நடந்தும் பதில் தெரியவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ‘வேண்டாம்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னார்: “வெட்ட மாட்டேன் தம்பி. வெட்டலாம்னு இருக்கணும், அவ்ளோதான்.”

பாரிவாக்கத்துக் கன்னியம்மா

தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு நாள், பாரிவாக்கத்திலிருந்து கன்னியம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். அப்பாவுக்கு ஒரே பெண், ஆகவே பட்டா அவர் பெயரில். புருஷன் ரங்கூனுக்குப் போனவர் போனவர்தான். ஏரிக்கரை ஓரத்தில் பதினோரு புளிய மரம், ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டின் கடைசியில் முக்கால் காணி வயல், அதை ஒட்டித் தண்ணீர் எட்டாத ஒரு கரம்புத் துண்டு. அவருடைய சொத்து முழுவதும் இதுதான்.

“எழுதிக்கோ” என்று உட்கார்ந்தார். பதினோரு மரத்திலும் கூழைக்கடா கூடு கட்டும். மாசி, பங்குனியில் புளி உலுக்க வேண்டிய நேரத்தில் கூட்டில் குஞ்சு இருக்கும். உலுக்கினால் குஞ்சு விழும். ஆகவே அவர் உலுக்குவதில்லை. சித்திரையில் குஞ்சு பறந்த பிறகு பார்த்தால் பாதிப் புளி உதிர்ந்து மண்ணாகியிருக்கும், மீதியில் பாதி புழு. ஆனால் மரத்திலிருந்து எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறதே, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு வேறு எரு வேண்டாம். லாபம் ஊருக்கு, நஷ்டம் மரத்துக்காரருக்கு. இதற்கு ஊர் என்றைக்கோ ஒரு வழி கண்டிருந்தது. தையில் நடுகிற நவரை நெல்லுக்கு மதகு திறக்கும்போது முதல் நாள் தண்ணீர் கடைமடையில் இருக்கிற கன்னியம்மா வயலுக்கு. அதற்கு அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அந்த முதல் தண்ணீர் இல்லையென்றால் கடைமடைக்கு எந்த நாளும் தண்ணீர் வந்து சேராது, அவருக்கு ஒரு படி நெல்லும் கிடையாது.

“சட்டம் வந்தா இன்னா ஆவும் தெரியுமா? நான் உலுக்காதது சர்க்காருக்கு பயந்துகினுன்னு ஆயிடும். அப்புறம் ஊரு எனுக்கு எதுக்குத் தண்ணி உடணும்?” என்று கேட்டார். நான் அன்று ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. ஆனாலும் படிவத்தில் இருந்தது இரண்டே கட்டம். பறவை வேண்டும் என்கிறவரை, சட்டம் வேண்டாம் என்கிறவரை, எந்தக் கட்டத்தில் போடுவது? கடைசியில் ‘வேண்டாம்’ கட்டத்தில், ‘மரத்துச் சொந்தக்காரர் ஆட்சேபிக்கிறார்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். “காலைலேர்ந்து நான் பேசிக்கினு கீறது இந்த ஒரு வரிதானா?”

முதல் தண்ணீர்

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. “நம்பலன்னா வந்து பாரு” என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதகு திறக்கிற அன்று விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாரிவாக்கம் போனேன். ஏரி தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. பனிக்கு மேலே பதினோரு புளிய மரம். மரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதேதோ உட்கார்ந்திருந்தன. அவை தூங்குகின்றனவா, நான் தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம். கூட்டிலிருந்து குஞ்சுகள் மட்டும் விடாமல் கத்தின. பெரியவை சத்தமே போடாது. ஒன்று எழுந்து இறக்கையை விரித்தபோது என் தலைக்கு மேலே காற்று அசைந்தது தெரிந்தது. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

ஏழுமலை மண்வெட்டியோடு வந்தார். ஊரில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கிற கம்புகட்டி அவர்தான். மதகைத் திறந்தார். தண்ணீர் கால்வாயில் இறங்கி, ஒவ்வொரு வயலாகத் தாண்டி, அவசரமில்லாமல் போயிற்று. வயலுக்குச் சொந்தக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் வயலும் காய்ந்துதான் கிடந்தது. ஒருவர்கூட மடையைத் திறக்கவில்லை. தேர் போகும்போது ஒதுங்கி நிற்பார்களே, அந்த மாதிரி ஒதுங்கி நின்றார்கள். வெயில் ஏறுகிற நேரத்துக்குத் தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேர்ந்தது. கன்னியம்மா குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார்.

“சட்டம் வந்த பிறகும் இப்படியே விடுவீர்களா?” என்று ஏழுமலையைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “இந்தம்மா நமக்காண்டி உலுக்காம கீது, நாம்ப உடறோம். நாளைக்கு சர்க்காரு அபராதத்துக்கு பயந்துகினு உலுக்கலன்னா, அது சர்க்காருக்குப் பண்ண ஒதவி. அப்ப சர்க்காரே மண்வெட்டி எடுத்தாந்து தண்ணி உடட்டும்.”

மூன்று பக்கம்

ஆபீசுக்குத் திரும்பி, நான் பார்த்ததையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். பனி, மரம், வரப்பில் நின்றவர்கள், கன்னியம்மா முகத்தில் தெளித்துக்கொண்ட தண்ணீர், எல்லாம் வந்துவிட்டது. இரண்டு நாள் ஆயிற்று. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு ஏற்பாட்டைக் கெடுக்காமல் சட்டம் செய்ய ஏதாவது வழி உண்டா என்று, நகலைப் பரிசீலிக்கச் சர்க்கார் போட்டிருந்த கமிட்டி யோசிக்க வேண்டும் என்று முடித்திருந்தேன்.

சிரஸ்தார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு மூன்றையும் நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்தார். மேஜை அதற்கப்புறம் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “காவியம் எழுத உமக்குச் சம்பளம் இல்லை ஓய் தேவசகாயம். வேணுமா, வேணாமா? கமிட்டி கேக்கறது அதைத்தான்.”

கமிட்டியின் முன்னால்

பங்குனியில் கமிட்டியே பூந்தமல்லிக்கு வந்தது. ஒரு துரை, இரண்டு கனவான்கள். ஆட்சேபித்தவர்களில் சிலரை நேரில் கூப்பிட்டார்கள். அவர்கள் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது என் வேலை. மத்தியான வெயில், தலைக்கு மேலே துணி விசிறியாக ஆடுகிற பங்கா. பங்காக் கயிறு இழுபடுகிற சத்தம் இருக்கிறதே, அது தாலாட்டுத்தான். துரைக்கும் கண் செருகியது, எனக்கும் செருகியது.

கன்னியம்மா வந்து நின்றார். பறவைகள் மேல் உங்களுக்குப் பிரியம் உண்டா என்று துரை கேட்டார். “பிரியமா? புளி எடுக்கப் போனா தலமேலயே பேளுது. அது எங்கூட்டு மரத்துல கீது. நான் உலுக்கல, ஊரு தண்ணி உடுது. அவ்ளோதான்” என்றார். அப்படியானால் சட்டம் என்னதான் செய்ய வேண்டும் என்றார் துரை. கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “எங்க ஊர்ல நாங்க ஒரு நாயம் வெச்சிக்கினு கீறோம். இந்த மாரி எங்கெங்க நாயம் கீதோ, அங்க போயி பாத்து, அத்த கெடுக்காம சட்டம் போடச் சொல்லு. எங்கள மட்டும் உட்டுடச் சொல்லு சாமி, தண்ணி பூட்டா நான் பூட்டேன்.”

துரை என் பக்கம் திரும்பி, “ஒரு வரியில்” என்றார். வெளியே மரத்தின் மேல் ஒரு கூழைக்கடா இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் வாய் சொல்லிற்று: ‘பட்டா நிலத்து மரங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கேட்கிறார்.’ நாயம் போயிற்று, தண்ணீர் போயிற்று, பாரிவாக்கம் போயிற்று. அவருடைய ஊரை மட்டும் விடச் சொன்னது, ராஜதானி முழுக்க இருக்கிற பட்டா மரமாக மாறியது. துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். கனவான்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள். நிலக்காரர்களைச் சமாதானப்படுத்த வழி தெரியாமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு கனவான் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்: “பரவாயில்லையே! ஒரு வரியில் சொல்லத் தெரிந்த குமாஸ்தாவும் ஒருவர் இருக்கிறாரே.”

இலுப்பை மரம்

ஐப்பசியில் சட்டம் அச்சாகி வந்தது. புறம்போக்கு மரத்தைத் தொட்டால் அபராதம், பட்டா நிலத்து மரங்களுக்குப் பொருந்தாது. எங்கள் பக்கத்துப் புறம்போக்கில் இருந்ததெல்லாம் வேலிக்காத்தான் புதரும் பத்துப் பனையும். அதில் ஒரு கூடுகூடக் கிடையாது. எனக்கு முதலில் சந்தோஷம்தான். கன்னியம்மாவின் தண்ணீர் பிழைத்தது என்று நினைத்தேன். சட்டத்தின் பிரதி கொடுக்கக் கார்த்திகையில் முகப்பேர் போனபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

களத்துமேட்டில் வானம் புதிதாகத் தெரிந்தது. இலுப்பை மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது, இன்னும் ஈரம் காயாமல். மேலே கூழைக்கடாக்கள் வந்திருந்தன. அலகில் சுள்ளியைக் கவ்விக்கொண்டு, மரம் இருந்த உயரத்தில், மரத்தைச் சுற்றுகிற மாதிரியே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று சுள்ளியைப் போட்டுவிட்டது. அது என் காலடியில் வந்து விழுந்தது. கமிட்டி முன்னால் நான் சொன்ன ஒரு வரிதான் அப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“வெட்ட மாட்டேன் என்றீர்களே?” என்று சபாபதியைக் கேட்டேன். அவருக்கும் முகம் சரியில்லை. இந்தத் தடவை மோர் கொடுக்க மறந்துவிட்டார். “வெட்டியிருக்க மாட்டேன் தம்பி. இந்த வருசம் வெட்டலாம்ன்றான், அடுத்த வருசம் வெட்டக்கூடாதுன்னா இன்னா பண்றது? வெட்டலாம்னு இருக்கறப்பவே வெட்டிட்டேன்.”

மறுபடியும் தை

முகப்பேரில் இடமில்லாமல் போன பறவைகள் எங்கே போயின என்பது தையில் தெரிந்தது. மதகு திறக்கிற அன்று நான் மறுபடி பாரிவாக்கம் போனேன். உத்தியோகம் முடிந்துவிட்டது, யாரும் அனுப்பவில்லை, சைக்கிளும் வாடகை சைக்கிள். பதினோரு புளிய மரத்திலும் கிளைக்குக் கிளை கூடு. கீழ்க்கிளையில்கூடக் கட்டியிருந்தன. மரத்தின் பச்சை தெரியவில்லை. பனியில் பார்க்கும்போது மரமே இறக்கை முளைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. அவ்வளவு அழகு. கன்னியம்மாவுக்கு அவ்வளவு நஷ்டம்.

அந்த வருஷம் மழை குறைவு. ஏரி பாதிதான் இருந்தது. கரையில் ஊரே நின்றது. இருக்கிற தண்ணீரில் முதல் நாளைக் கடைமடைக்கு விட்டால் மற்றவர்களுக்குப் போதுமா என்று சிலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். “சட்டமே இந்தம்மாவ உட்டுட்ச்சே, உலுக்கிக்கட்டும், தண்ணி இன்னாத்துக்கு?” என்றார் ஒருவர். கன்னியம்மா வீட்டுப் பக்கம் போனார். புளி பறிக்கிற நீளத் துரட்டியைக் கொண்டுவந்து முதல் மரத்தில் சாய்த்து வைத்தார். “தண்ணி உட்டா இத்த ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன். உடலன்னா மாசி பொறக்கட்டும், உலுக்கறேன். சட்டம் என்னைக் கேக்காது. நானும் ஒர்த்தரயும் கேக்க மாட்டேன். எனுக்கும் வவுறு கீது” என்றார்.

ஏழுமலை எல்லாரையும் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார். முதல் மரத்திலிருந்து பதினோராவது மரம் வரை, அண்ணாந்தபடி, மெதுவாக நடந்தார். தோளெல்லாம் எச்சத்தோடு திரும்பி வந்தார். ஏரியின் நிறத்தைக் காட்டினார். மரத்தடித் தண்ணீர் பச்சையாக, கெட்டியாக இருந்தது. “பாதித் தண்ணிதான், ஆனா முழு எரு கீது. போன வருசம் அரை மரம் கூடு, ஒரு நாளு தண்ணி. இந்த வருசம் முழு மரம் கூடு. ரெண்டு நாளு தண்ணி. கரம்புத் துண்டும் நடட்டும். புளி போனதுக்கு நெல்லாவது ஊடு வந்து சேரட்டும்” என்றார். முணுமுணுப்பு எழுந்தது. ஒரு நிமிஷம் எதுவும் ஆகலாம் போலிருந்தது. அப்புறம், தண்ணீர் எதற்கு என்று கேட்ட அதே ஆள் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு தன் வயல் பக்கம் நடந்தார். தன் மடையில் காலால் மண்ணைத் தள்ளி, நன்றாக அடைத்தார். மற்றவர்களும் போய் அவரவர் மடையை அடைத்தார்கள்.

தண்ணீர் போயிற்று. ஒரு பகல், ஓர் இரவு, மறுபகல். இரண்டாம் நாள் கரம்புத் துண்டில் தண்ணீர் ஏறி, மண் புஸ் புஸ் என்று காற்றை விட்டது. கன்னியம்மா துரட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். கமிட்டியில் நான் செய்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லியும்விட்டேன். அவர் திட்டவில்லை. மேலே ஒரு தடவை, வயலை ஒரு தடவை பார்த்தார். சிரித்தார். “இப்ப நடந்துச்சே, இத்த எந்தக் கட்டத்துல எழுதுவே குமாஸ்தாய்யா?”

ஒரு வருஷம் பட்டணமும் கமிட்டியும் சிரஸ்தாரும் நானுமாகச் சேர்ந்து கெடுத்த ஒரு சட்டத்துக்கு, பாரிவாக்கத்து ஏழுமலை ஒரே காலையில் மண்வெட்டியால் திருத்தம் கொண்டுவந்து, அதை ஆட்சேபணை இல்லாமல் நிறைவேற்றியும்விட்டார்.